நீல நம்பர் பிளேட்

அன்புள்ள ஐயா,

போன வெள்ளிக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் நீல நம்பர் பிளேட் கார் ஒன்று என் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றது. ஏதோ சர்வதேச அமைப்பின் வண்டி. கோயிலிலிருந்து சாவகாசமாக வந்த டிரைவர், “போலீஸைக் கூப்பிடுங்கள், என்ன ஆகிறது பார்க்கலாம்” என்று சிரித்தார். தூதரகம் என்றால் சரி, ஒரு நாட்டின் பிரதிநிதி. அமைப்புகளுக்கும் பார்வையாளர் குழுக்களுக்கும் எதற்கு இந்தச் சட்ட விலக்கு? யார் கொடுப்பது?
எஸ்., புது தில்லி

அன்புள்ள எஸ்.,

டிரைவர் விட்டது பாதி சவடால். ஐ.நா.வின் 1946 உடன்படிக்கைப்படி சாதாரண ஊழியருக்கு அலுவல் தொடர்பான பேச்சுக்கும் செயலுக்கும் மட்டும்தான் விலக்கு. தூதருக்கு இணையான முழு விலக்கு பொதுச் செயலாளர் போன்ற மேல்மட்டத்தினருக்கே. முருகனைக் கும்பிடுவது எந்த அலுவலிலும் சேராது.

கொடுப்பது நம் மத்திய அரசு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவின் கீழ், சர்வதேச ஒப்பந்தம் இருந்தால், கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு ஐ.நா.வுக்கு உள்ளதை வேறு அமைப்புக்கும் நீட்டிக்கலாம். குருகிராமில் இருக்கும் சர்வதேச சூரிய சக்திக் கூட்டணி இந்த வழியில் வந்ததுதான். இவர்கள் நாமே அழைத்த விருந்தாளிகள்.

பார்வையாளர் கதை வேறு. காஷ்மீர் போர்நிறுத்தக் கோட்டைக் கண்காணிக்க ஐ.நா. ராணுவப் பார்வையாளர்கள் 1949 ஜனவரியில் வந்தார்கள். பிரச்சினைகளை இந்தியாவும் பாகிஸ்தானும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்ப்பது என்ற 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு இங்கே வேலையில்லை என்பது இந்தியாவின் நிலை. 2014-இல் தில்லி புரானா கிலா சாலையில் கொடுத்திருந்த பங்களாவைக்கூடக் காலி செய்யச் சொன்னோம். ஆனாலும் அவர்களைக் கைது செய்யவோ கோப்புகளைப் பிரிக்கவோ முடியாது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. பார்வையாளர் எழுதுவதே நம்மைப் பற்றியும்தான். அவர் பையை உள்ளூர் இன்ஸ்பெக்டர் திறந்து பார்க்கலாம் என்றால் அந்த அறிக்கையை யார் நம்புவார்கள்?

விலக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமியின் கதை ஓர் உதாரணம். நீதித்துறைச் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக (ஒரு விஷயத்தை ஆராய்ந்து அறிக்கை தர ஐ.நா. நியமிக்கும் நிபுணர்) அவர் கொடுத்த ஒரு பேட்டிக்காக, அவர் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார்கள். விலக்கு அவருக்கு உண்டு என்று 1999-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. சொந்த நாட்டுக்காரருக்கு, சொந்த நாட்டிலேயே!

எனக்கு உறுத்துவது வேறு இடம். அமைப்பின் மேல் கோர்ட்டுக்குப் போக முடியாதென்றால், வாடகை பாக்கி, வேலைநீக்கம் மாதிரி விஷயத்தில் எதிராளி எங்கே போவார்? தீர்வுக்கு வழி செய்யவேண்டும் என்று உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழியையும் அமைப்பே போடவேண்டும், அதுதான் சிக்கல்.

வண்டி நம்பரைக் குறித்து வைத்திருந்தால் அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் பிரிவுக்கு ஒரு நகல். விலக்கு நியாயத்துக்குக் குறுக்கே நின்றால் அதை நீக்குவது பொதுச் செயலாளரின் கடமை என்றே உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. ஸ்கூட்டர் விவகாரம் நியூயார்க் வரை போகாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை டிரைவர் வேறு இடத்தில் வண்டியை நிறுத்துவார்.