பெரியப்பாவின் பஸ்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் வடமராட்சியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வழியில் தனியார் மினிபஸ் ஓட்டுகிறார். பதினொரு வருடமாக ஒரே பஸ். அது என் பெரியப்பாவுடையது. மாதச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. அன்றன்றைய கலெக்‌ஷனில் டீசலும் பெரியப்பாவின் பங்கும் போக, இவருக்கும் கொண்டக்டருக்கும் நாட்காசு.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதோடு பஸ் பெரியப்பா வீட்டு முற்றத்தில் நின்றுவிட்டது. என் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின. பெரியப்பா ஒரு தடவை 5000 ரூபா தந்தார். மறுபடி ஓடத் தொடங்கியபோது சீற்றுக்கு ஒருவர்தான், நின்று வர ஆளில்லை, நாட்காசு பாதியானது. அடுத்த வருடம், பஸ்ஸில் வந்த ஒருவருக்குத் தொற்று என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து இவரை 14 நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அந்த 14 நாளும் வேறொருவர் பஸ்ஸை ஓட்டினார். இவருக்குச் சதமும் கிடைக்கவில்லை. 'லீசிங் கட்ட வேணுமே பிள்ளை, வாகனத்தை நிப்பாட்டி வைக்கேலுமே' என்றார் பெரியப்பா. அதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது இவரும் இன்னும் ஒன்பது பேரும் சாரதிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்போகிறார்கள். இவரைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். லண்டனில் பஸ் ஓட்டும் என் அண்ணா, 'விடாமல் செய்யுங்கோ, கொரோனா நேரம் எங்களை யூனியன்தான் காப்பாற்றினது' என்கிறார். பெரியப்பாவோ, 'பஸ் சங்கம் ஏற்கெனவே இருக்குத்தானே' என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள். பயமாக இருக்கிறது. இவரை மறிக்கவா, விடவா?

– பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்: தங்கச்சி, மறிக்க வேண்டாம். ஆனால் உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடப் போவதில்லை. நம்முடைய ஊரில் 'அமைப்பு', 'செயலாளர்' என்ற சொற்களைக் கேட்டால் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வயிறு கலங்கும். அதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது அந்த வகை இல்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். தொழில் திணைக்களத்தில் பெயர் பதிந்து, கணக்குக் காட்டி, பகிரங்கமாக நடப்பது. உங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சந்தா வாங்குகிறது, கணக்கு வாசிக்கிறது, கஷ்டம் வந்தால் வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு யாரும் பயப்படுவதில்லையே.

முதலில் பெரியப்பாவின் கேள்வி. பஸ் சங்கம் இருக்கிறதுதான், ஆனால் அது யாருடைய சங்கம்? பஸ் உரிமையாளர்களுடையது. அரசாங்க பஸ்களை ஓட்டும் இ.போ.ச.வோடு நேர அட்டவணைத் தகராறு வந்தால், நிறுத்துமிடப் பிரச்சினை வந்தால், அவர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்வார்கள். அவர்கள் தொழிலுக்கு அது தேவையாக இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணிப்புறக்கணிப்பு நாட்களில் நாட்காசு இழப்பது யார்? உங்கள் கணவரும் கொண்டக்டரும். தாங்கள் கேட்காத ஒரு கோரிக்கைக்காக அவர்கள் பட்டினி இருக்கிறார்கள். தொற்றுக் காலத்தில் அந்தச் சங்கம் சாரதிகளைக் கவனிக்கவில்லை என்று கோபப்பட ஒன்றுமில்லை. அது அவர்களுக்காக உண்டானதே இல்லை.

அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி. லண்டனில் பஸ்களை ஓட்டுவது அரசாங்கம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். இல்லை, அங்கேயும் தனியார் கம்பனிகள்தான், ஒப்பந்தம் எடுத்து ஓட்டுகின்றன. ஆகவே 'இது தனியார் பஸ், இங்கே யூனியன் சரிவராது' என்ற கதை எடுபடாது. 2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அங்கே சாரதிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். யூனைட் என்ற தொழிற்சங்கம் நெருக்கிக்கொண்டே இருந்தது. அவர்கள் கேட்டவை மிகச் சின்ன விஷயங்கள். சாரதியின் முன்னால் உள்ள கண்ணாடித் தடுப்பில் கதைப்பதற்கென்று விட்டிருந்த துளைகளை மூடு, முன்கதவைப் பூட்டு. ஏப்ரல் 20இலிருந்து பயணிகள் நடுக்கதவால் ஏறினார்கள். கொஞ்சக் காலம் டிக்கட் காசுகூடக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரச் சாரதிகள் இன்னும் வேகம். 2020 மார்ச் 17 காலை பஸ்ஸை எடுக்க மறுத்தார்கள். ஒரே நாளில் நகர நிர்வாகம் இறங்கி வந்தது: காசு வாங்குவதில்லை, பின்கதவால் ஏற்றம், பஸ்களைக் கூடுதலாகச் சுத்தம் செய்வது. அப்படியிருந்தும் அதே நகரத்தில் ஜேசன் ஹார்குரோவ் என்ற சாரதி, வாயை மூடாமல் இருமிய ஒரு பயணியைப் பற்றி மனம் நொந்து வீடியோ போட்டார். சில நாட்களில் கொரோனாவாலேயே இறந்துபோனார். அண்ணாவின் பேச்சில் மிச்சக் கால்வாசியை நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான். யூனியன் இருந்தும் செத்தவர்கள் உண்டு. சங்கம் தடுப்பூசி இல்லை.

ஆனால் உங்கள் கணவரின் பஸ்ஸை யோசித்துப் பாருங்கள். லண்டனில் சாரதிக்குக் கண்ணாடித் தடுப்பு இருந்தது, அதிலிருந்த துளைதான் பிரச்சினை. எங்கள் மினிபஸ்களில் இஞ்சினுக்கு மேலேயே மெத்தை போட்டு இரண்டு பேரை இருத்துகிறோம், சாரதியின் தோளில் அவர்களின் மூச்சுப் படும். கொண்டக்டரின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொருவர் கையிலும் காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, ஆட்களுக்குள் நுழைந்து நுழைந்து போகிறவர் அவர். அதனால் ஒரு வேண்டுகோள்: 'சாரதிகள் சங்கம்' என்று பெயர் வைக்காதீர்கள். கொண்டக்டர்களைச் சேர்க்காத சங்கம் பாதிச் சங்கம்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். கொரோனா நேரம் நிவாரணங்கள் வராமல் இல்லை. வாகன லீசிங் தவணைகளுக்கு 2020 மார்ச்சில் ஆறு மாத அவகாசம் அறிவித்தார்கள். அது போனது யாருக்கு? வாகனம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கு. மே மாதத்தில் தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் இருந்து ஓர் இணக்கத்துக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருத்திய ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது. தொழிற்சங்கங்கள் அந்த மேசையில் இருந்ததால்தான் அவ்வளவாவது கிடைத்தது. ஆனால் அதுவும் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவருக்குத்தான். உங்கள் கணவர் பதினொரு வருடம் பஸ் ஓட்டியிருக்கிறார். அதற்கு எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்கிறதா?

என் அப்பா இ.போ.ச.வில் கொண்டக்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் சி.ரி.பி. என்பார்கள். 1958 ஜனவரி 1இல் பஸ்களை அரசுடைமையாக்கித் தொடங்கியது. அப்பாவின் சம்பளத் துண்டில் யூனியன் சந்தா கழிக்கப்பட்டிருக்கும். 'இந்தக் காசுக்கு என்ன பிரயோசனம்' என்று அம்மா மாதாமாதம் கேட்பார். ஒருமுறை அப்பா செங்கமாரியில் நாற்பது நாள் படுக்கையில் கிடந்தார், அந்த மாதமும் சம்பளம் வந்தது. அதோடு அம்மா அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

அதே 1958இல் வந்ததுதான் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். இன்றைய கணக்கில் ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். பிறகு 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். ஒரேயொரு ஆளை வேலைக்கு வைத்தாலும் கட்ட வேண்டும், நாட்கூலி என்றாலும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. சில வழிகளில் சாரதி முதலாளிக்கு ஒரு குறித்த தொகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்கிறார். அப்படியென்றால், 'இவர் என்னிடம் வேலை செய்யவில்லை, பஸ்ஸை வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்' என்று முதலாளி சொல்ல இடமிருக்கிறது. உங்கள் கடிதப்படி உங்கள் வீட்டில் அப்படி இல்லை, நாட்காசுதான். அது நல்லது. அதை அப்படியே வைத்திருங்கள். 'நீயே கலெக்‌ஷனை எடு, எனக்கு இவ்வளவு தந்தால் போதும்' என்று பெரியப்பா ஆசையாகச் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம்.

சரி, பெரியப்பா. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் பயப்படுவது பொலிசுக்கோ அரசியல்வாதிக்கோ இல்லை, அடுத்த சாமத்தியச் சடங்குக்கு பெரியப்பா வருவாரா, மாட்டாரா என்பதற்கு. சரிதானே? ஒரு பஸ் வைத்திருக்கும் முதலாளி பெரிய பணக்காரர் இல்லை. லீசிங், டயர், கராஜ் பில், பேர்மிட் என்று அவருக்கும் நித்திரை இல்லை. அவர் 5000 தந்தபோது கொடுத்தது முதலாளி இல்லை, பெரியப்பா. பதினாலு நாளுக்கும் ஒன்றும் தராமல் விட்டது பெரியப்பா இல்லை, முதலாளி. இந்த இரண்டு பேரும் ஒரே சாய்மனைக் கதிரையில் இருப்பதுதான் உங்கள் வீட்டின் சிக்கல். உங்கள் கணவர் தனியே போய்க் கேட்டால் அது மருமகன் காசு கேட்ட கதையாகிவிடும். கேட்காவிட்டால் உங்கள் காப்பு மறுபடியும் அடைவுக்குப் போகும்.

சங்கம் இருந்தால் அவர் பெரியப்பாவிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. சங்கம் சங்கத்தோடு கதைக்கும். நோய் என்று பி.எச்.ஐ. மறித்தால் நாட்காசில் இவ்வளவு, வழி முழுவதற்கும் ஒரே கணக்கு, எல்லா முதலாளிக்கும் ஒரே விதி என்று உரிமையாளர் சங்கத்தோடு எழுதிக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கும் அது வசதிதான். அவர் மட்டும் கொடுத்து, மற்ற முதலாளிமார் கொடுக்காமல் இருந்தால்தான் அவருக்கு நட்டம். இதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவரும் வேண்டாம். அவர் வயதில், அவர் மதிக்கிற, ஓய்வுபெற்ற இ.போ.ச.காரர் ஒருவர் ஊரில் இல்லாமலா போவார்? அவரைக் கொண்டு சொல்விக்கலாம்.

உங்கள் கணவர் செயலாளராக இருக்கட்டும். பெரியப்பா இருக்கும் பேச்சுவார்த்தைக்கு மட்டும் தலைவரோ வேறொருவரோ போகட்டும். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவது 1999இல் திருத்திய கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி குற்றம். ஆனால் வேலைநீக்கத்தைத் தடுக்கும் மற்றச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது, ஆகவே உங்களுக்கும் பொருந்தாது. தொழில் நியாயசபைக்குப் போகலாம், அது வருடக்கணக்கில் இழுக்கும். அதே 1999 திருத்தத்தில், ஊழியர்களில் 40 வீதம் பேர் உறுப்பினராக இருந்தால் முதலாளி சங்கத்தை ஏற்றுப் பேச வேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. ஒரு பஸ்ஸில் வேலை செய்வது இரண்டு பேர். உங்கள் கணவர் ஒருவரே 50 வீதம்! சிரிப்பு வந்தாலும், இரண்டு பேரை வைத்துக்கொண்டு சட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது. பத்துப் பேரோடு பகிரங்கமாகத் தொடங்க வேண்டாம். அந்த வழியில் ஓடும் பஸ்களில் பாதியையாவது சேர்த்துக்கொண்டு வாயைத் திறக்கட்டும். அதுவரை மாதம் ஒரு சிறு சந்தா மட்டும் சேர்க்கட்டும், நோய் நேரத்துக்கென்று. கட்சிக்காரர் யாராவது 'நான் தலைவராக இருக்கிறேன்' என்று வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இவர் இரவில் வந்து சாப்பிட இருக்கும்போது கேட்டு எழுதுங்கள்: திகதி, பஸ் இலக்கம், எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு விட்டார், எத்தனை நடை, நாட்காசு எவ்வளவு. கொண்டக்டரின் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்குத் தொழில் திணைக்களத்தில் 'பதினொரு வருடம் ஓடினேன்' என்று சொல்ல இவருக்குக் கையில் ஏதாவது வேண்டும். கொப்பியின் முதல் நாலு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அதில் 2020இலும் 2021இலும் பஸ் நின்ற நாட்கள், அந்த 14 நாள், காப்பு அடைவு வைத்த திகதி எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுதிவிடுங்கள். அடைவுக் கடைத் துண்டு இன்னும் இருந்தால் அதையும் பக்கத்தில் ஒட்டுங்கள்.