பக்கத்து மாவட்டமும் பக்கத்துக் கிணறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புவியியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக மாவட்டவாரி டெங்கு எண்ணிக்கையை எடுத்து ஜியோடா மென்பொருளில் மொரான் குறியீடு (அண்டை இடங்களின் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் அளவு) போட்டேன். 0.4 வந்தது, 'சிக்னிஃபிகன்ட்' என்கிறது, அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இடஞ்சார் புள்ளியியலை முறையாகக் கற்க ஆர் நிரல்மொழி நல்லதா, பைத்தானா? கணிதம் என்றால் பயம். எங்கிருந்து தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆரா பைத்தானா என்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் துறையில் சந்தேகம் கேட்கக்கூடியவருக்கு எது தெரியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலாளர் மொரான் 1950-இல் தந்த சூத்திரத்தை நான்கு கட்டம் வரைந்து கையால் போட்டுப் பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

என்னை உறுத்தியது வேறு. எந்த மாவட்டத்துக்கு எது அண்டை என்று நீங்கள் முடிவு செய்தீர்களா, மென்பொருள் முடிவு செய்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'குயின்' முறையில் டிக் போட்டிருப்பீர்கள். எல்லை ஒரு புள்ளியில் தொட்டாலே அண்டை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பறப்பது சில நூறு மீட்டர். இரண்டு மாவட்டங்கள் ஒட்டியிருந்தால் அதற்கென்ன? நோயைத் தூரத்துக்குக் கொண்டுபோவது பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற மனிதர்கள். அப்படியானால் அண்டையை பஸ் தடத்தில் தேட வேண்டாமா? இதையெல்லாம் யோசிக்காமல் எடுத்த 0.4-ஐ வைத்து அடுத்து என்ன செய்வது என்றால் நான் என்ன சொல்ல? எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்தீர்களா என்பதும் தெரியவில்லை. வகுக்கவில்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்னோவின் காலரா வரைபடத்தை வகுப்பில் காட்டியிருப்பார்கள். 1854, லண்டன் சோஹோ, பிராட் தெரு அடிபம்பு, சுற்றிலும் சாவுகளைக் குறிக்கும் கறுப்புக் கோடுகள். 1855-இல் வந்த அதன் இன்னொரு வடிவத்தைத் தேடிப் பாருங்கள். பம்பைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு வளைந்து நெளிந்து போகும். அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் பிராட் தெருப் பம்பும் அதற்கடுத்த பம்பும் ஒரே தூரம். ஸ்கேல் வைத்து நேராக அளந்த தூரம் இல்லை, தெருவழியே நடக்கிற தூரம். வாளியோடு போகிறவர் வீடுகளுக்கு ஊடாகவா போவார்?

அதோடும் அவர் விடவில்லை. சாவு விழுந்த வீடுகள் சூழ நின்ற ஏழைகள் விடுதியில் 535 பேரில் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். ஆனால் எங்கோ தள்ளி ஹாம்ஸ்டெட் பக்கம் ஒரு விதவை இறந்தார். முன்பு பிராட் தெருவில் இருந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி விடாமல் தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் வரவழைத்துக் குடித்தவர். தண்ணீரை வைத்துப் பார்த்தால் அவர் அந்தப் பம்படிக்காரர்தான்.

என் பாட்டி வீட்டுக் கொல்லையில் கிணறு உண்டு, உப்புத் தண்ணீர். குடிக்க இரண்டு தெரு தாண்டி நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போவோம். அங்கே வந்து கூடும் குடும்பங்களுக்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்தே வரும், கைமாற்றும் நடக்கும், கல்யாணப் பேச்சும் நடக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அவர்களை அந்தக் கிணற்றில் வாளி இறக்க விட்டதே இல்லை. சாதி. அவர்களுக்கு எந்தத் தண்ணீர் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதும் இல்லை. இன்றைக்கு அந்த ஊருக்கு ஒரு எடை அணி (யாருக்கு யார் அண்டை என்று 1, 0 போட்டுக் காட்டும் அட்டவணை) போட்டால் ஐம்பது மீட்டர் என்று பார்த்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து 1 போட்டுவிடும். அங்கே 0 போட வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? போய்க் கேட்டவர்தான் சொல்ல முடியும். நீங்கள் புவியியல் படிக்கிறவர் தம்பி, இது உங்கள் வேலை.

சரி, தொடங்க வழி கேட்டீர்கள். ஆரில் மியூஸ் ஆற்றுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நெதர்லாந்தின் ஸ்டெய்ன் ஊருக்கருகே வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மண் மாதிரிகள். மாதிரி எடுக்காத இடங்களில் துத்தநாகம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் மாதிரிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் வைத்துக் கணித்துப் படம் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஆற்றிலிருந்து உள்ள தூரத்தையும் சேர்த்துப் போடுங்கள். அந்த உலோகத்தைக் கொண்டுவந்து படிய வைத்தது ஆற்று வெள்ளம். இரண்டு படங்களும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். டெங்குவை அதன் பிறகு பேசலாம்.