இன்றைய கணினிச் சிப்புகள் எல்லாம் இன்டெல் 4004-இன் வாரிசுகளா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1971-இல் வந்த 4004 மூத்தது என்பது சரி. ஆனால் மேசைக் கணினிகளின் 8086 வம்சத்துக்கு அது நேரடித் தகப்பன் இல்லை, பெரியப்பா முறை என்று வேண்டுமானால் சொல்லலாம். கால்குலேட்டருக்காகச் செய்த 4 பிட் சிப் அது (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்).

வேர் இருப்பது டேட்டாபாயின்ட் 2200 என்ற மேசை டெர்மினலில், அதாவது திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியில். அதைச் செய்த டெக்சாஸ் நிறுவனம், அதன் கட்டளைத் தொகுப்பை (அந்தக் கருவிக்குப் புரியும் அடிப்படைக் கட்டளைகளை) ஒரே சிப்பில் அடக்கித் தரும்படி இன்டெலிடம் கேட்டது. கடைசியில் அந்தச் சிப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டது. (எதை விட்டார்கள் பாருங்கள்!) இன்டெல் அதை 1972-இல் 8008 என்று விற்றது. அப்புறம் 1974-இல் 8080, 1978-இல் 8086.

எனக்குப் பிடித்த தடயம் ஒன்று: டேட்டாபாயின்ட் ஒவ்வொரு பிட்டாகக் கூட்டும். கூட்டும்போது 'கையில் ஒன்று' கீழிலக்கத்திலிருந்து மேலே போகிறது அல்லவா? அதனால் எண்ணின் கீழ் பைட்டை (கடைசி 8 பிட்டை) நினைவகத்தில் முதலில் வைப்பதே அதற்கு வசதி. இன்றைய சிப் 64 பிட்டையும் ஒரே மூச்சில் கூட்டிவிடுகிறது. ஆனாலும் அந்த வரிசை அப்படியே தங்கிவிட்டது.

கைபேசிகளில் உள்ள ஆர்ம் (ARM) சிப் தனி வம்சம். 1985-இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்தது.