டவுன்ஃபால் படத்தில் எது நிஜம், எது கற்பனை? கேள்வி பதில்

ஹிட்லர் பெர்லின் பதுங்கு அறையில் கழித்த கடைசி நாட்களைப் பற்றி 2004இல் வந்த ஜெர்மன் படம் டவுன்ஃபால். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கே: மேஜையைச் சுற்றித் தளபதிகள் நிற்க ஹிட்லர் கத்துவாரே, அது உண்மையா?

உண்மைதான். 1945 ஏப்ரல் 22. ஜெர்மன் தளபதி ஸ்டைனரின் படை சோவியத் படை மீது தாக்குதலே நடத்தவில்லை என்று தெரிந்ததும் வெடித்துவிட்டார், போரில் தோற்றுவிட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். வசனம் மட்டும் திரைக்கதையில் எழுதியது.

கே: மற்ற நேரங்களில், ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸின் குரல் ஏன் இவ்வளவு அமைதி?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நமக்குத் தெரிந்தது ஹிட்லரின் மேடைக் குரல் மட்டும்தான், ஆனால் 1942 ஜூனில் பின்லாந்து போய் அந்நாட்டுப் படைத் தலைவர் மானர்ஹைமுடன் அவர் சாதாரணமாகப் பேசியதை ஒரு வானொலிப் பொறியாளர் அவருக்குத் தெரியாமல் சுமார் 11 நிமிடம் பதிவு செய்துவிட்டார், தாழ்ந்த, நிதானமான குரல், கான்ஸ் பயிற்சி எடுத்தது அதைக் கேட்டுத்தான். அப்புறம் அந்தக் கை நடுக்கத்துக்காக மருத்துவமனைக்குப் போய் பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனித்தார். நடுங்கும் கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற இடத்தைத் திரும்பப் பாருங்கள்!

கே: ஹிட்லரின் செயலாளர் ட்ராடல் யுங்கே சிறுவனோடு சைக்கிளில் போகும் முடிவு?

கற்பனை. அந்தச் சிறுவனே கற்பனைப் பாத்திரம். யுங்கே சோவியத் படையிடம் சிக்கினார்.

கே: ஹிட்லரை மனிதனாகக் காட்டியது தவறில்லையா?

இல்லை. நாயைக் கொஞ்சுகிறவர், செயலாளரிடம் கனிவாகப் பேசுகிறவர் அத்தனை கொலைகளுக்கும் உத்தரவிட்டார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. எனக்குக் கோபம் வேறு இடத்தில். டாக்டர் ஷெங்கைப் பாருங்கள், படத்தில் காயம்பட்டவர்களுக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிற நல்லவர். நிஜத்தில் நாஜிகளின் மவுத்தவுசன் வதைமுகாமில் கைதிகளை வைத்து உணவுப் பரிசோதனை நடத்தியதில் பங்குள்ள எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் அதிகாரி அவர், போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் மருத்துவம் பார்க்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை. எஸ்எஸ் தளபதி மோன்கேயும் அப்படித்தான். 1940இல் பிரான்சின் வோர்மூட்டில் போர்க்கைதிகளைக் கொன்ற வழக்கில் பெயர் அடிபட்டவர், கடைசிவரை விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. படத்தில் அவர் பிரசார அமைச்சர் கோயபல்ஸிடம் மக்களுக்காக வாதாடுகிறார். ஹிட்லரின் விரல் நடுக்கம்வரை சரிபார்த்தவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கே: கடைசியில் பேசும் மூதாட்டி யார்?

நிஜ யுங்கே, 2002இல் வந்த ஆவணப்படத்திலிருந்து எடுத்தது. நாஜிகளை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்ட சோஃபி ஷோலின் நினைவுப் பலகையைப் பார்த்த நாளைச் சொல்கிறார். கிட்டத்தட்ட தன் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும், சின்ன வயது என்பது சாக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் புரிந்ததாம்.