காய்ச்சல் இல்லைன்னு விட்றாதீங்க: கிட்னி மாத்தின தையல்ல நீர் கசிஞ்சா

கேள்வி: அப்பாவுக்கு கிட்னி மாத்தி 16 நாள் ஆச்சு. தையலோட கீழ் முனைல வெளிர் மஞ்சளா தண்ணி கசியுது, காய்ச்சல் இல்ல. பக்கத்து கிளினிக்ல கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தாங்க. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையை நாலு நாள் நிறுத்தினா புண் சீக்கிரம் ஆறுமா?

பதில்: நிறுத்தவே கூடாதுங்க, உடம்பு புது கிட்னியைத் தாக்க ஆரம்பிச்சுரும். இன்ஃபெக்‌ஷன் பெருசா இருந்தா அந்த மாத்திரைகள்ல ஒண்ணான மைக்கோஃபினோலேட்டோட டோஸைக் குறைக்கிறது உண்டு, ஆனா அது டிரான்ஸ்பிளான்ட் டீம் எடுக்க வேண்டிய முடிவு. கிளாரித்ரோமைசினும் வேணாம், அது டாக்ரோலிமஸ் (இதுவும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரைதான், சுருக்கமா டாக்ரோ) அளவை ரத்தத்துல ஏத்திவிட்டுரும், டாக்ரோ ஏறினா அடி வாங்குறது அதே கிட்னிதான். ஏற்கனவே போட்டிருந்தா மறைக்காம சொல்லிருங்க.

காய்ச்சல் இல்லைங்கறதை வச்சு நிம்மதியாக முடியாது, அந்த மாத்திரைகளோட குடுக்கற ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வச்சிரும். சர்க்கரை உள்ள ஒருத்தர் 98.4 டிகிரியோட சிரிச்சுகிட்டே வந்து உக்காந்தார், தையல் ஓரத்துல லேசா அமுக்கினேன், காஸ் துணி முழுக்க சீழ்.

இப்ப தெரிய வேண்டியது கசியறது என்னன்னுதான். சீழா, வெறும் நிணநீரா (திசுக்கள்ல ஊறுற நீர்), இல்ல மூத்திரமா? பாத்தா மூணும் ஒண்ணுபோலகூட இருக்கும். அந்தத் தண்ணியை எடுத்து கிரியாட்டினின் (கிட்னி மூத்திரத்துல வெளியேத்துற கழிவு) எவ்வளவுன்னு பாப்பாங்க, ரத்தத்துல 1.4 இருக்கும்போது அதுலயும் அதே அளவுல இருந்தா நிணநீர், 20, 30ன்னு எகிறினா மூத்திரக்குழாயை மூத்திரப்பையில தச்ச இடம் கசியுதுன்னு அர்த்தம், அதுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் உதவாது, மறுபடி டியூப் போடணும், சிலருக்கு திரும்ப ஆபரேஷனே வேண்டிவரும். உள்ள தேங்கியிருக்கான்னு ஸ்கேன் பாப்பாங்க. சீழ்னா எந்தக் கிருமின்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் மருந்து, ரெண்டு மூணு தையலைப் பிரிச்சு கழுவி விடுவாங்க, அதைப் பாத்து பயந்துராதீங்க, மேல மூடி உள்ள அழுகறதைவிட திறந்து ஆறுறது எவ்வளவோ மேல்.

முன்னாடி சர்க்கரை இல்லாதவங்களுக்கும் இந்த மாத்திரைகளால ஏறும், அதையும் பாத்துருங்க. வலிக்கு டைக்ளோஃபினாக், புரூஃபென் கூடாது. மஞ்சள் பத்து, எண்ணெய் எதுவும் தடவாதீங்க (தடவிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க!).

இன்னைக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் போன் பண்ணிட்டுக் கிளம்புங்க. ரெண்டு நாளா மூத்திரம் எவ்வளவு போச்சுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, கசிவு கூடி மூத்திரம் குறைஞ்சிருந்தா அது பெரிய துப்பு. காலைல டாக்ரோ அளவு பாக்கச் சொன்னா, ரத்தம் குடுத்தப்புறம்தான் அந்த டோஸைப் போடணும்.