ஸ்பாய்லர் வைத்தால் வேகத்தில் கார் ஆடுவது நிற்குமா?

நூறைத் தாண்டினால் கார் மிதக்கிறது, பெரிய ஸ்பாய்லர், அதாவது டிக்கி மேல் மாட்டும் இறக்கை, பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடம் ஓடிய செடான், பெங்களூருக்கு அடிக்கடி போய்வருகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் கடை நடத்துபவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

போன மாம்பழ சீசனில் ஓசூர்த் தம்பி ஒருவர் இதே குறையோடு வந்தார். டிக்கி மூடியைத் துளைத்து முழ உயரத்துக்கு இறக்கை மாட்டியிருந்தார். "அண்ணா, இவ்வளவு செலவு செய்தும் ஆட்டம் போகவில்லையே" என்றார். எப்படிப் போகும்? இறக்கை நிற்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே காற்று கீழே அழுத்தினால் முன்சக்கரத்தின் பாரம் குறையும், ஸ்டியரிங் இன்னும் லேசாகும். 60-இல் இருக்கும் காற்றின் விசை 120-இல் நான்கு மடங்கு. முன்பக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் பின்னால் மட்டும் அழுத்துவது ஆபத்து.

காரைத் தூக்கினேன். பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கருஞ்சேறாக இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் நகம் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. டயரின் உள்விளிம்பைத் தடவினால் கம்பி குத்தியது. எல்லாவற்றையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, இறக்கையைக் கழற்றிவிட்டு அவரையே சூளகிரி வரை ஓட்டச் சொன்னேன். வண்டி பிடித்த பிடியில் நேராகப் போனது.

பந்தயக் கார் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1966-இல் சாப்பரல் 2இ உயரமான இறக்கையோடு ஓடியதும், 1978-இல் லோட்டஸ் 79 அடிப்பக்கக் காற்றை வைத்தே ஜெயித்ததும் எனக்கும் தெரியும். வேகத்தில் தடுமாறுகிறது என்று ஆடி டிடி (Audi TT) காருக்குப் பின்னாளில் ஸ்பாய்லர் சேர்த்தார்களே என்பீர்கள். அப்போது சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள், வண்டி சறுக்கினால் தானே பிரேக் போட்டுப் பிடிக்கும் ஈஎஸ்பியும் கொடுத்தார்கள். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இறக்கைக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள் அலைன்மென்ட் கூலிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறார்கள். அது போகட்டும், என் கடை வாசலில் சர்வீஸ் ரோட்டைத் தோண்டிப் போட்டு மழைக்காலமே வந்துவிட்டது, மூட ஆளில்லை. சரிபார்த்து அனுப்பும் வண்டி முதலில் இறங்குவதே அந்தப் பள்ளத்தில்தான். யாரிடம் முறையிடுவது?

நீங்கள் முதலில் டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு கழன்றிருந்தால் மாட்டுங்கள். அடியில் காற்று சீராக ஓட அதுவும் வேண்டும். கூரையில் கேரியர் இருந்தால் இறக்குங்கள். பிறகும் ஆடினால் டயரின் உள்விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.