தண்ணீர் வரும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஓர் அறையும் அதையொட்டிய சமையற்கட்டும் மட்டுமே உள்ள போர்ஷனில் குடியிருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. மகளுக்கு ஒரு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாள்கூட வீட்டுக்கு வர முடியாது. காலை ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். நிற்பதற்குள் டிரம்மை நிரப்பி, சமைத்து, துணியையும் அலசிப் போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் மகன் காலைச் சுற்றாமல் இருப்பதற்காகப் போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். எட்டு மணிக்கு வாங்கினால் தரையில் புரண்டு கத்துகிறான். போன வாரம் பொறுக்க முடியாமல் முதுகில் அடித்துவிட்டேன், விரல் பதிந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளும் இப்போது போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். மகனை உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னால், மாமியார் “ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை?” என்கிறார். நான் பொறுப்பில்லாத தாயா, அக்கா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பெயர் வெளியிட வேண்டாம்,
தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

பொறுப்பில்லாத தாயாக இருந்திருந்தால் அன்று உங்களுக்குச் சோறு இறங்கியிருக்கும். ஆகவே அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம். கொதிக்கும் உலை ஒரு பக்கம், நிரம்பிக்கொண்டிருக்கும் டிரம் மறுபக்கம், நடை பழகும் குழந்தை நடுவில் என்று இருக்கும் பத்தடி இடத்தில், மூத்தவனை ஓரிடத்தில் உட்காரவைக்கக் கைக்கு அகப்பட்ட ஒரே பொருளைக் கொடுத்தீர்கள். கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் என் பிள்ளைகளை வளர்த்தபோது வீட்டில் கைப்பேசி இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது எட்டு மணிக்கு நடக்கும் அழுகைதான். பிள்ளைகள் பார்க்கும் அந்தக் காணொளிகளில் ஒன்று முடியும்போதே அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. போதும் என்று எழுந்து போவதற்கான இடம் அதில் எங்கும் இல்லை. பெரியவர்களுக்கே நிறுத்த மனம் வராதபோது மூன்றரை வயதுப் பிள்ளை தானாக எப்படி நிறுத்துவான்? ஆகவே யாராவது வந்து பிடுங்கித்தான் அதை முடிக்க வேண்டியிருக்கிறது, நாள்தோறும் அந்த ஆளாக நீங்கள் நிற்கிறீர்கள். அவன் கத்துவதும் நீங்கள் கை ஓங்குவதும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

வீட்டு வேலைக்கு முடிவு உண்டு. ஒரு நாள் சொல்கிறேன், கேளுங்கள். என் மகனுக்கும் அப்போது உங்கள் மகனின் வயதுதான். ஒரு கொத்து முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு நான் குடம் மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் ஒவ்வோர் இலையாகக் கிள்ளினான். பிறகு காம்பின் நுனியை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் உருவக் கற்றுக்கொண்டான். இலைகள் ‘சர்ர்’ என்று உதிர்ந்தது அவனுக்கு அத்தனை பிடித்துவிட்டது. பாதிக் கீரை தரையில்தான் கிடந்தது. நான் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அவனுக்கு அரைமணி நேரம் பிடித்தது. கடைசிக் காம்பும் மொட்டையானதும் அதைத் தூக்கிக் காட்டி, “தீந்துபோச்சும்மா” என்று சொல்லிவிட்டு, அவனாகவே எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் கையிலிருந்து எதையும் நான் பிடுங்கவில்லை. அன்று கூட்டில் இருந்த கீரையை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தன் கீரை என்றே சொன்னான்.

உங்கள் மகனுக்கும் இப்படி முடிவுள்ள வேலை ஒன்றைக் காலை நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். காலையில் தேடினால் அகப்படாது. முந்தின இரவே எடுத்துவைத்துவிட வேண்டும். கீரை உருவுவது, பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பது, உலர்ந்த துணிகளில் தன்னுடையதையும் தங்கையுடையதையும் பிரித்து அடுக்குவது போன்றவை போதும். அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு பழைய பாயை விரித்து, அது அவன் இடம் என்று சொல்லிவிடுங்கள். அரிவாள்மணையும் காய்ந்த மிளகாயும் அருகில் இருக்கக் கூடாது. பச்சைப் பட்டாணி உரிப்பதும் வேர்க்கடலை உடைப்பதும் அவனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் மகள் உருண்டைப் பொருள் எதையும் வாயில் போடும் வயதில் இருக்கிறாள், ஒரு கடலை மூச்சுக்குழாயில் சிக்கினாலே உயிருக்கு ஆபத்து. அவள் தூங்கும்போது மட்டும் அவற்றை எடுங்கள்.

கைப்பேசியை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது. அதற்கும் குறைவாகப் பார்த்தால் இன்னும் நல்லது. உங்கள் மகன் காலையில் மட்டும் இரண்டரை மணி நேரம் பார்க்கிறான். தண்ணீர் பிடிக்கும் அந்த முதல் அரைமணி நேரத்துக்கு அது இருக்கட்டும். பிறகு கீரை வரட்டும். முதல் வாரம் கத்தத்தான் செய்வான். ‘இந்தப் பாட்டு முடிந்ததும் கீரை’ என்று முன்கூட்டியே சொல்லி, தானாக அடுத்தது ஓடும் வசதியைக் கைப்பேசியில் அணைத்துவிட்டால் பாட்டுக்கும் ஒரு முடிவு வந்துவிடும்.

மகள் விஷயத்தில் இந்தத் தயவு கிடையாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். திரையைப் பார்த்துக்கொண்டே உண்ணும் குழந்தைக்கு வாயில் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்ற கவனம் இல்லாமல் போகிறது. வாசற்படியில் உட்காரவைத்து ஊட்டுங்கள். நம் பக்கத்துத் தெருக்களில் காக்கை, ஆடு, மீன்காரம்மா, தண்ணீர் லாரி என்று ஏதாவது ஒன்று கடந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு வாய் குறைவாக உண்டால் போகட்டும், அடுத்த வேளை பசித்து உண்பாள்.

டிரம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அதுதான் மனத்தை உறுத்துகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்குத் தலைதான் கனம். பக்கெட்டுக்குள் குனிந்து தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சாண் ஆழத் தண்ணீரும் போதும், சத்தமும் வராது. துணி அலசிய பக்கெட்டை உடனே கவிழ்த்துவிடுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி வாங்குங்கள். அந்த மூடி டெங்குவுக்கும் காவல். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவும் நாளில், நீங்கள் இடுப்பில் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மகன் டார்ச் அடித்துத் தண்ணீருக்குள் புழு நெளிகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். மூன்றரை வயதில் இதைவிடப் பெரிய உத்தியோகம் அவனுக்குக் கிடைக்காது.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகிற விசைப்படகுகளில் உலை வைப்பதும் குழம்பு கூட்டுவதும் ஆண்கள்தான். லாரி வரிசையில் இரண்டு நாள் நிற்கும்போது ஓட்டுநர்கள் வண்டியோரம் அடுப்பு மூட்டிச் சமைப்பதை உங்கள் வீட்டுக்காரரும் அறிவார். அவரே சமைத்தும் இருப்பார். அவர் வீட்டில் இருக்கும் நாளில் மகனோடு கீரை முறத்தின் முன்னால் அவரும் உட்காரட்டும். நீங்கள் வாதாடிச் சாதிக்க முடியாததை அது செய்யும். இன்னொன்றும் செய்யலாம்: கீரை உருவக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுங்கள். அந்தக் கையில் ஐம்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, பேரன் கேட்டால் மறுக்கமாட்டார்.

இதை நான் எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கமும் இருக்கிறது. நான் வீட்டுக்கு மூத்த பெண். ஒன்பது வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கைப்பம்பு வரிசையில் நின்றேன். லாரி வராத நாள்களில் தண்ணீருக்காகப் பள்ளிக்குப் போகாமலும் இருந்திருக்கிறேன். வீட்டு வேலை பிள்ளைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அந்த இடுப்புவலி இன்றும் எனக்கு நினைவுக்கு வரும். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கீரை அவனுக்குப் பிடித்திருக்கும்வரைதான். பாதியில் எழுந்து போனால் போகட்டும், மீதியை நீங்கள் உருவிக்கொள்ளுங்கள். மகள் வளர்ந்தபின் முறம் அவள் பக்கம் மட்டும் நகர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடித்ததைப் பற்றி மகனிடம் பேசிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே, “அம்மா அடித்தது தப்பு” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த வயதில் புரியும். அடுத்த முறை கை எழும்போது, மகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்றுவிட்டு வாருங்கள். சோறு இறங்காத நாள்கள் தொடர்ந்து வந்தால், தூக்கமும் கெட்டால், அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், தயங்க வேண்டாம்.

மகனை அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மதிய உணவும் முட்டையும் கிடைக்கும், ஓடி விளையாடக் கூட்டமும் கிடைக்கும். அவன் வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிடமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும் என்கிறார்கள். பத்தடி அறையில் அது நடக்காது. வீட்டுக்காரர் இருக்கும் மாலைகளில் ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

டார்ச் வாங்கும்போது மட்டும் கவனம். பொத்தான் அளவு பாட்டரி போட்ட விளையாட்டு டார்ச் வேண்டாம். அந்தப் பாட்டரியை மகள் விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். பேனா பாட்டரி போடுகிற, மூடியைத் திருகி இறுக்குகிற டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா